பழைய வீட்டுக்கு வைத்தியர் யார்?

உங்களுக்குத் தலை வலித்தால் டாக்டரிடம் போகிறீர்கள். பல் வலித்தால் பல் டாக்டர். பசு மாடு இரண்டு நாள் தீனி எடுக்கவில்லை என்றால் அதற்கும் ஓர் ஆஸ்பத்திரி உண்டு. எங்கள் நாமக்கல்லில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியிலே கோழிக்கு வரும் வியாதிகளைக் கூட ஆராய்ச்சி செய்கிறார்கள். ஆனால், நூறு வயது தாண்டிய ஒரு வீட்டுக்கு உடம்புக்கு வந்துவிட்டால் எந்த வாசலில் போய் நிற்பீர்கள்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

எனக்கு அந்த யோசனை வந்தது 2021-ஆம் வருஷத்து ஐப்பசி மழையில். வந்தது என்பதைவிட, சொட்டியது என்று சொல்வதே பொருத்தம். ஆசாரத்தில் மூன்று இடத்தில் சொட்டு. அட்டாலியில் ஓர் இடத்தில் தாரை. வீட்டில் இருந்த குண்டான், அண்டா, பால் சட்டி எல்லாவற்றுக்கும் அன்று இரவு உத்தியோகம்.

வீடு இருப்பது ராசிபுரத்தில். கொங்கு நாட்டுப் பழக்கப்படி தொட்டிக்கட்டு வீடு. நடுவே வாசல், சுற்றிலும் ஆசாரம், தெருப் பக்கம் இரண்டு திண்ணை. மண்ணும் செங்கல்லும் வைத்துக் கட்டிய முழங்கை அகலச் சுவர், மேலே காரைப் பூச்சு, தேக்கு உத்திரம், பனங்கை, நாட்டு ஓடு. ராசிபுரம் நெய்க்குப் பேர் போன ஊர் அல்லவா? என் பாட்டனார் நெய் வியாபாரத்தில் மிச்சம் பிடித்துக் கட்டியது. எந்த ராஜாவும் அதில் தங்கியதில்லை. எந்தத் தலைவரும் அதன் திண்ணையில் பிரசங்கம் செய்ததில்லை. நான் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் கற்பித்துவிட்டு, ஓய்வு பெற்று அங்கே குடியிருக்கிறேன். அதுதான் அதன் சரித்திரம்.

முதலில் வந்த வைத்தியர் ஓர் இளம் என்ஜினீயர். கைபேசியில் நாலு படம் பிடித்தார். சுவரை விரல் முட்டியால் தட்டினார். “மேடம், இந்தக் கட்டடத்துக்கு லைஃப் முடிஞ்சு போச்சு” என்றார். இரண்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்று, காரையையெல்லாம் கொத்தி எறிந்துவிட்டுச் சிமெண்டுப் பூச்சு, ஓட்டை இறக்கிவிட்டுக் காங்கிரீட் தளம். எட்டு லட்ச ரூபாய். மற்றது, மொத்தமாக இடித்துத் தள்ளுவது. அதற்கு அவரே ஆள் அனுப்புவாராம். தேக்கு உத்திரத்தையும் நிலைக் கதவையும் எடுத்துக் கொள்ள விட்டால் இடிக்கிற கூலி கூட வேண்டாமாம்! நோயாளியின் நகையைக் கழற்றிக் கொண்டு இலவசமாகப் பாடை கட்டித் தருகிற வைத்தியரை அன்றுதான் பார்த்தேன்.

பெங்களூரில் இருக்கும் தம்பியோ டெலிபோனில் கணக்குப் போட்டான். “அக்கா, சொல்றதைக் கேளு. கடை வீதிக்கு ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்குது? இடிச்சுட்டு நாலு கடை கட்டிப் போட்டா மாசம் பொறந்தா வாடகை. நீயும் மழைக்குப் பயந்துக்கிட்டு முழிச்சிருக்க வேண்டாம்.”

அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். காலேஜில் படிக்கிற இரண்டு பெண்கள் அவனுக்கு. வீடு எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. கடைசியில், “வர்ற ஆடிக்குள்ளே நீ ஒரு வழி பண்ணு. இல்லேன்னா என் வழிக்கு வந்துடணும்” என்று கெடு வைத்தான். அந்தக் கெடுவை முந்தானையில் முடிந்து கொண்டு வைத்தியர் தேடிப் புறப்பட்டேன்.

நாமக்கல்லில், மலையடிவாரத் தெருவில் எனக்கு ஒரு சிநேகிதி. அவளுடைய வீட்டில் ஒரு ஜன்னல் வைக்க வேண்டுமென்றால் கூட அனுமதி கேட்டு எழுத வேண்டும். ஏனென்றால் தலைக்கு மேலே நாமக்கல் கோட்டை! அந்த ஒற்றைப் பாறையின் மேலிருக்கும் கோட்டையும், பாறையைக் குடைந்து 8-ஆம் நூற்றாண்டில் அதியர் குலத்து அரசர்கள் எடுத்த நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகளும் மத்திய சர்க்காரின் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பவை. 1958-ஆம் வருஷத்துச் சட்டமும் 2010-இல் அதற்கு வந்த திருத்தமும் என்ன சொல்கின்றன தெரியுமா? சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கும் அப்பால் 200 மீட்டர் வரையில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். சிநேகிதி அலுத்துக் கொள்கிறாள். எனக்கோ அவள் மேல் பொறாமையாக இருந்தது. கேட்பதற்கு அவளுக்கு ஓர் ஆபீஸ் இருக்கிறதே!

தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டைக்கும் மத்திய சர்க்காரே காவல். தாரமங்கலத்தில் கெட்டி முதலியார்கள் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலுக்கு அறநிலையத் துறை. கோயில் திருப்பணி என்றால் நிபுணர் குழு பார்த்துச் சம்மதிக்க வேண்டும். கல்லின் மேல் மணலை வீசி அடித்துக் கழுவக் கூடாது என்று தடை உத்தரவே உண்டு. மாகாண சர்க்காருக்கும் 1961-இலிருந்து தனியே தொல்லியல் துறை இருக்கிறது. 1966-இல் அதற்கென்று சட்டம் வந்தது. உங்கள் ஊரில் பழைய சத்திரமோ மண்டபமோ சரிந்து கொண்டிருந்தால், முதல் காரியமாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அது யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். கோயிலுடையதா, பஞ்சாயத்துடையதா, தனியாருடையதா என்று தெரியாமல் எழுதுகிற மனு, விலாசம் இல்லாத கடுதாசி மாதிரி ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்.

என் வீட்டுக்கு விலாசம் தெரிந்துதான் இருந்தது. கேட்பாரைத்தான் காணோம். நான் போன காரியாலயம் ஒன்றில், மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அனுதாபத்தோடு, “அம்மா, உங்க வீடு பழசுதான், ஆனா புராதனம் இல்லீங்களே!” என்றார். பழசுக்கும் புராதனத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று தெரிந்து கொண்டேன். புராதனத்துக்குக் கம்பி வேலியும் நீலப் பலகையும் உண்டு. பழசுக்கு ஒழுகல் மட்டும் உண்டு.

சென்னைவாசிகளுக்குக் கொஞ்சம் பாக்கியம். 2010-இல் ஹைகோர்ட்டு ஒரு விளம்பரப் பலகை வழக்கில் தீர்ப்புச் சொல்லும்போது, அந்த நகரத்தில் 400-க்கு மேற்பட்ட பழங்கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டியவை என்று ஏற்றுக் கொண்டது. அந்தச் சலுகை நம் சேலம், நாமக்கல் சமவெளி வரைக்கும் வரவில்லை. மாகாணம் முழுவதற்கும் ஒரு பாரம்பரிய ஆணையம் வேண்டும் என்று சட்டசபையில் சட்டம் நிறைவேறியது 2012-இல். அது அமலுக்கு வந்தது 2024-இல். பன்னிரண்டு வருஷம்! அதற்குள் எத்தனை உத்திரம் விறகாகியிருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை.

கணக்குப் போடாமலே தெரிகிற ஓர் உதாரணம் சேலத்தில் இருக்கிறது. ஏற்காடு போகிற சாலையில் ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ என்று ஒரு முகப்பு வளைவு நிற்கும், பார்த்திருப்பீர்கள். திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1930-களில் ஆரம்பித்த ஸ்டூடியோ அது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே தயாராயின. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் அவர்கள் எடுத்ததுதான். தமிழின் முதல் முழு வர்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் அவர்கள் எடுத்ததுதான். என் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் வர்ணத்தைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தாளாம். இன்று அந்த ஸ்டூடியோ எங்கே? மனைகளாகி வீடுகள் முளைத்துவிட்டன. வளைவு மட்டும் நிற்கிறது. வாசல் இருக்கிறது, வீடு இல்லை. சங்ககிரியில் மலையைச் சுற்றிக் காவல் காக்கிற தேசத்தில், இவ்வளவு புகழ் பெற்ற இடத்துக்கு ஒரு வைத்தியர் வரவில்லை என்றால் என் தொட்டிக்கட்டுக்கு யார் வரப் போகிறார்கள் என்று மனசு விட்டுப் போய்விட்டது.

அந்தச் சமயத்தில் எனக்குத் தெம்பு கொடுத்தவர் ராசிபுரத்துக்காரர் ஒருவர்தான். நேரில் அல்ல. ஆர். கே. நாராயண் என்கிற பெயரில் முதல் எழுத்து எங்கள் ஊர்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மைசூரில் யாதவகிரியில் அவர் ஆசையாகக் கட்டிக் கொண்ட வீட்டை 2011-இல் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பத்திரிகையில் செய்தி வந்தது. ஊர் ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். நகர அதிகாரிகள் பாதியில் நிறுத்தினார்கள். பிறகு அந்த ஊர் நகராட்சியே விலைக்கு வாங்கி, பழுது பார்த்து, 2016-இல் அவருடைய நினைவு இல்லமாகத் திறந்தது. பாதி இடித்த வீடு கூடப் பிழைத்திருக்கிறது! எனக்காகக் கூச்சல் போட ஊர் திரளாது. நான் நாவலாசிரியை அல்ல. ஆனாலும் கேட்கிற குரல் கேட்டால் நடக்கும் என்று தோன்றியது.

தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புதுச்சேரி போனேன். முகூர்த்தம் முடிந்ததும் பந்திக்குக் கூட இராமல் வைசியாள் வீதியைப் பார்க்கக் கிளம்பினேன். தமிழர் குடியிருப்பான அந்த வீதியில் வரிசையாகத் தாழ்வாரமும் திண்ணையும் மரத் தூணுமாக வீடுகள். 1984-இல் டில்லியில் தோன்றிய ‘இன்டாக்’ என்கிற கலைச் செல்வப் பாதுகாப்பு ஸ்தாபனத்துக்கு அங்கே சுறுசுறுப்பான கிளை இருக்கிறது. அவர்கள் செய்தது என்ன? வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, “யோசனை இலவசம், தெருப் பக்க முகப்பைப் பழைய மாதிரியே பழுது பார்த்தால் செலவில் பாதி எங்களுடையது” என்று சொன்னார்கள். ஐரோப்பிய உதவியும் சேர்ந்தது. 2008-இல் யுனெஸ்கோ அந்த வீதிக்குப் பரிசு கொடுத்தது. திட்டு வாங்கிக் கொண்டு சட்டத்துக்குப் பயந்து காப்பாற்றிய தெரு அல்ல அது. வீட்டுக்காரனைக் கூட்டாளியாக்கிக் காப்பாற்றிய தெரு. தாழ்வாரத்தில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக் கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். “மழைக்கு ஒழுகுமா?” என்றேன். “இப்ப இல்லீங்க” என்றாள். அந்த ‘இப்ப’வுக்காகவே புதுச்சேரி போனது தகும்.

அதே ஊரில் இன்னொன்றும் கேள்விப்பட்டேன். 1870-களில் கடற்கரையில் கட்டிய மேரி என்கிற நகராட்சி மாளிகை, பழுது பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று பேசிக் கொண்டிருக்கும்போதே 2014 நவம்பர் மழையில் அப்படியே சரிந்து விழுந்துவிட்டதாம். பிறகு கோடிக் கணக்கில் செலவு செய்து அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். மழைக்கு நிபுணரும் தெரியாது, கமிட்டியும் தெரியாது. நான் விரலை மடக்கி ஆடி மாதத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் சென்னையிலும் புதுச்சேரியிலுமாக ஏழெட்டுப் பேருக்கு எழுதினேன். நேயர்களே, இதை மட்டும் நிச்சயமாகச் சொல்லுகிறேன்: பணம் என்று எழுதினால் கையை விரிப்பார்கள், யோசனை என்று எழுதினால் தாராளமாகக் கொடுப்பார்கள். ஆனால் “என் வீடு பழசு, என்ன செய்யலாம்?” என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். ஒவ்வோர் அறையையும் நாடா பிடித்து அளந்து, கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து, எந்த இடத்தில் ஒழுகுகிறது, எந்தச் சுவரில் எத்தனை அடி உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது என்று குறித்து, புகைப்படமும் வைத்து அனுப்புங்கள். நாடியைப் பிடிக்கக் கையை நீட்டினால்தானே வைத்தியர் பார்ப்பார்? இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்கிற கவிஞர் 1877-இல் ஆரம்பித்த பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று இருக்கிறது. இன்றைக்கும் அங்கே சாதாரண வீட்டுக்காரர்கள் டெலிபோன் செய்து, கூரை ஒழுகுகிறது என்று யோசனை கேட்கிறார்கள். நமக்கு அப்படி ஒரு டெலிபோன் நம்பர் சீக்கிரம் வர வேண்டும்.

எனக்கு வந்த பதில்களில் ஒன்று இரண்டே வரி. ‘சிமெண்டைத் தொடாதீர்கள். உங்கள் பக்கத்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட கொத்தனார் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.’

இருந்தார். வெண்ணந்தூர்ப் பக்கத்தில், பேரன் வீட்டுத் திண்ணையில், காதில் வைத்த பீடியோடு. சிறு வயதில் காரை வேலை கற்றவர். முப்பது வருஷமாக அவரை யாரும் அந்த வேலைக்குக் கூப்பிடவில்லை. வந்து பார்த்தார். சுவரைத் தட்டவில்லை. ஓட்டின் மேல் ஏறினார். அந்த வயதில்! அரைமணி கழித்து இறங்கி வந்து, “டீச்சரம்மா, ஊடு நல்லாத்தான் இருக்குதுங். தண்ணி எங்கெ எறங்குதுன்னு பாக்காத செவுத்தைப் பூசி என்னங் பிரயோசனம்? நாப்பது ஓடு ஒடஞ்சிருக்குது. ரெண்டு பனங்கையைக் கரையான் தின்னுருக்குது. வாசத் தண்ணி போற சலதாரை அடச்சிருக்குது. மொதல்ல அதெ பாக்கோணும்” என்றார். எட்டு லட்சத்துக்குச் சொன்ன வியாதி இவ்வளவுதான்.

சமையலறைச் சுவரின் முன்னால் மட்டும் நின்று தலையை ஆட்டினார். அப்பா காலத்தில் அந்த ஒரு சுவருக்குச் சிமெண்டு பூசியிருந்தார்கள். வீட்டிலேயே அதிகமாக ஓதம் காத்த சுவர் அதுதான். காரணம் ரசாயன வாத்தியாரம்மாவுக்கு விளங்காமல் போகுமா? நிலத்து ஈரம் மண் சுவரில் ஏறுவது இயல்பு. காரைப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றிலே விட்டுவிடும், சிமெண்டு விடாது. அடைபட்ட ஈரம் மேலே மேலே ஏறும், உப்புப் பூக்கும், செங்கல் பொடியும். பிறகு ஒரு நாள் சிமெண்டு அப்பளமாகப் பெயர்ந்து விழும். விழும்போது சுவரின் தோலையும் உரித்துக் கொண்டு விழும்.

சுண்ணாம்பின் கதை அதைவிட வேடிக்கை. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியே போய்விடுகிறது. மிஞ்சிய கட்டியில் தண்ணீர் விட்டால் சீறிக் கொதித்து நீறுகிறது. அதை மணலோடு அரைத்துச் சுவரில் அப்பினால், போன கரியமில வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. மலையில் இருந்த கல் நெருப்பிலும் நீரிலும் மூழ்கி எழுந்து சுவரில் வந்து குடியேறுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். முப்பத்தொரு வருஷம் இந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதினேன். என் வீட்டுச் சுவரே அந்தச் சமன்பாடு என்று ஒரு பெண்ணும் எழுந்து கேட்டதில்லை.

பழைய காரையில் மணல் எவ்வளவு என்று தெரிந்தால் அதே பக்குவத்தில் புதுக் காரை அரைக்கலாம். பழைய மாணவி ஒருத்தி இப்போது பள்ளிக்கூடத்தில் ரசாயன ஆசிரியை. அவளுடைய சோதனைச்சாலையில் பத்துக் கிராம் காரையை நுணுக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டோம். சுண்ணாம்பு புஸ்ஸென்று நுரைத்துக் கரைந்தது. மணல் அடியில் தங்கியது. கழுவி, உலர்த்தி, எடை போட்டால் ஏழு கிராமுக்குச் சற்று மேல். கொத்தனாரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் காரைத் துண்டு ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுக்கு ரெண்டரைன்னு போடலாமுங்” என்றார். அமிலம் வாங்கிய காசு தண்டம்!

“சுண்ணாம்பு வேலையெல்லாம் இப்போ யாருக்கும் தெரியாது மேடம்” என்று அந்த என்ஜினீயர் சொன்னாரே, அதற்கும் பதில் கிடைத்தது. 2012-இல் தீப்பிடித்து எரிந்த சேப்பாக்கம் கலச மஹாலைச் சர்க்காரின் பொதுப்பணித் துறையே சுண்ணாம்புக் காரை வைத்து மீட்டுக் கட்டியது. கும்பகோணத்தை அடுத்த துக்காச்சி என்கிற சிற்றூரில், இடிந்து கிடந்த கோயிலைப் பழைய முறையிலேயே புதுப்பித்து 2024-இல் யுனெஸ்கோ பரிசு வாங்கியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தேடத்தான் வேண்டும்.

சித்திரையில் ஓட்டு வேலை ஆரம்பித்தது. பழைய நாட்டு ஓட்டுக்கு அலைந்தோம் பாருங்கள், அது ஒரு தனிப் புராணம். கடைசியில் ஆட்டையாம்பட்டிப் பக்கம் இடித்த ஒரு வீட்டில் ஒரு வண்டி கிடைத்தது. ஓட்டைச் சுமந்து வரும்போது எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகவும் ஒரு பக்கம் என்னவோ போலவும் இருந்தது. பனங்கை இரண்டை மாற்றினோம். சலதாரையைத் தோண்டி விட்டோம். கொத்தனார் கடுக்காயையும் வெல்லத்தையும் பானையில் ஊறப் போட்டார். வீடு முழுவதும் புளித்த வாடை; பக்கத்து வீட்டுக்காரர் நான் ஏதோ காய்ச்சுகிறேன் என்று சந்தேகப்பட்டார். அந்தத் தண்ணீர் விட்டு அரைத்த காரை வெண்ணெய் மாதிரி கரணையில் வழுக்கியது.

ஆடி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது தம்பி வந்தான். கணக்கு நோட்டை அவன் முன் வைத்தேன். கூரைக்கும் முன் ஆசாரத்துக்கும் ஆனது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு மழை பெய்தது. அவன் ஆசாரத்தில் பாய் போட்டுப் படுத்தவன், நடு இரவில் எழுந்து டார்ச் விளக்கை உத்திரத்தின் மேல் அடித்து அடித்துப் பார்த்துக் கொண்டிருந்தான். காலையில், “அந்தக் கடை கட்ற பேச்சு இப்போதைக்கு இருக்கட்டும்” என்றான். ‘இப்போதைக்கு’ என்று அவன் சொன்னதை நான் கவனிக்காமல் இல்லை. பின்கட்டு மிச்சம் இருக்கிறது. அதற்குச் செலவில் பாதி அவனுடையது என்று மட்டும் பேசி வாங்கிக் கொண்டேன். புதுச்சேரியில் கற்ற பாடம்!

என் பென்ஷனில் வருஷத்துக்கு ஒரு சுவர் என்று வேலை நடக்கிறது. கொத்தனார் தம் பேரனையும் கூட்டி வருகிறார். பையன் முதலில் முகத்தைச் சுளித்தான். இந்த வருஷம் சேலத்தில் யாரோ பழைய பங்களாக்காரர் அவனைத் தனியே வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

சமையலறைச் சுவருக்கு இனிமேல்தான் சிகிச்சை. கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு நீற்றிப் போட்டு ஒரு மாதம் ஆகிறது. அதன் மேல் எப்போதும் இரண்டு விரல் தண்ணீர் நிற்க வேண்டுமாம். காலையில் எழுந்ததும் அதில் ஒரு குடம் ஊற்றிவிட்டுத்தான் எனக்குக் காப்பி.